பச்சை விளக்கு எரிந்தது

ஜூலை 1, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மூடிவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். போலீஸிடம் வேண்டாம். டீச்சரிடம் வேண்டாம். எங்கள் அப்பாவிடம் வேண்டவே வேண்டாம்.

போன வருடத்து அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள் இவை. பீரோவில் என் நாப்கின் கவருக்குள் வைத்திருக்கிறேன். அதை அப்பா தொடமாட்டார். அடுப்படி ஜன்னலில் தெருவிளக்கு வெளிச்சம் விழும். எல்லோரும் தூங்கியபிறகு அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சங்கரேஸ்வரி. பத்தாம் வகுப்பு. அப்பா குருசாமி, சிவகாசிக்கு வெளியே ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் கவர் அச்சடிக்கிற மெஷின் ஓட்டுகிறார். மிட்டாய்க் கவர், ஷாம்பு கவர், எல்லாம் அதில்தான் அடிப்பார்கள். சனிக்கிழமை அந்த மெஷினில் தீப்பிடித்துவிட்டது. அப்பாவின் உதவியாள் தவசிமணி அண்ணனுக்கு நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அப்பாவுக்குப் புருவம் மட்டும் கருகியது.

அன்று மதியம் நான் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கத்தான் போனேன். கேட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

ஜூலை 2, புதன்

அம்மா இன்று மூன்றாவது தடவை என்னிடம் கேட்டாள்.

“யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?”

“கேட்டு வாசல்ல குடுத்துட்டு வந்துட்டேன்.”

“யார்ட்ட குடுத்த?”

“வாட்ச்மேன் தாத்தாட்ட.”

“ம். கண்ணப் பாத்துச் சொல்லு. கீழ குனியாத.”

உண்மையைச் சொல்வதற்கு எதற்கு ஒத்திகை என்று நான் கேட்கவில்லை.

தீ ஏன் பிடித்தது என்று ஊரே பேசுகிறது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிளாஸ்டிக் சுருள் வேகமாக ஓடும்போது அதில் ஒரு மின்சாரம் ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அதேதான். ஆனால் அங்கே பக்கத்திலேயே மைத்தட்டு இருக்கிறது. மையில் தின்னர் கலந்திருக்கும். ஒரு பொறி போதும். அதனால் ஓடும் பிளாஸ்டிக்குக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி வைத்திருப்பார்கள். கம்பி நிறைய ஊசிகள், வரிசையாக. அந்த ஊசிகள் பிளாஸ்டிக்கில் ஏறுகிற மின்சாரத்தைக் கொன்றுவிடும். ஊசிகளுக்குக் கரண்டு கொடுக்க மெஷின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கம்பெனியில் அதை ‘ஊசிப்பெட்டி’ என்பார்கள். சுவிட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும். ஊசியில் மை படிந்து கெட்டுப்போனால் சிவப்பு எரிந்து மெஷின் தானாக நின்றுவிடும். பச்சை எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஓட்டவேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமையும் பச்சை எரிந்தது.

எரிந்திருக்கும் என்று சொல்ல வந்தேன்.

அன்று என் கை முடியெல்லாம் எழுந்து நின்றது. ஏதோ நடக்கப்போகிறது என்று உடம்புக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

இன்னொன்று. தீப்பிடித்த அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனார். வேட்டி மடிப்பில் எதையோ வைத்திருந்தார். வெளியே வரும்போது மடிப்பு தட்டையாக இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், அப்பா அதைச் சோப்புக் கவரில் சுற்றி வைத்திருக்கிறார்.

கறுப்பு ஒயர். ஒரு ஜாண் நீளம். ஒரு முனை கட்டிங் பிளேயரால் வெட்டியது, செம்பு பளபளக்கிறது. மறுமுனையில் பித்தளைத் திருகு மூடி. ஊசிக் கம்பியிலிருந்து வந்து பெட்டியின் பின்பக்கம் மாட்டுகிற முனை அதுதான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கரியே இல்லை. திருகு மரை ஒன்றுகூட நசுங்கவில்லை.

பிய்ந்து வந்தது இல்லை. யாரோ கையால் திருகிக் கழற்றியிருக்கிறார்கள்.

அப்பாதான் கழற்றினாரா? ஏன்? சிவப்பு எரிந்து மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று கழற்றிவிட்டாரா? வேலை முடியவேண்டும் என்று கழற்றிவிட்டுத் தவசி அண்ணனை மைத்தட்டுப் பக்கம் நிற்கவைத்தாரா?

இரவு சாப்பிடும்போது அப்பா எனக்கு முட்டையைத் தூக்கி வைத்தார். “நீ தின்னுத்தா, எனக்கு வேணாம்” என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சூப்பர்வைசர் பொன்ராசு வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அம்மா என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னாள். எங்கள் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான்.

“அடுத்த வெள்ளிக்கெழம காலைல பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வாராரு, குருசாமி. மொதலாளி தெளிவாச் சொல்லிட்டாரு. பெட்டி சுவிட்ச் அமந்து கெடந்துச்சு. தவசிதான் அமத்தியிருக்கான். அவ்வளவுதான் கத.”

“நீங்கதான அண்ணாச்சி தீ புடிச்ச பொறவு ஓடிப்போயி எல்லா சுவிட்சையும் அமத்துனீக.”

“நா அமத்துனத யாரு பாத்தா?”

“நா பாத்தேன்.”

“நீரு வேற என்னெல்லாம் பாத்தீரு? அதையும் சொல்லுவீரா?” குரலை இறக்கிப் பேசினார். “ஒண்ணச் சொன்னா இன்னொண்ணும் வெளிய வரும்வேய். ஒம்ம வீட்டுக்குத்தான் நல்லதில்ல. பாத்துக்கிடும்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

போகும்போது பொன்ராசு திரையை விலக்கிப் பார்த்தார். “பாப்பா எத்தனாப்பு? பத்தா? நல்லாப் படி. படிப்ப விட்டுட்டு அங்கிட்டு இங்கிட்டுத் திரியாத, என்ன?” என்று சிரித்தார்.

அந்த ஆப்பிளை நான் தொடவில்லை. அம்மாவும் நறுக்கவில்லை. தட்டிலேயே இருக்கிறது.

அப்பா எதை மறைக்கிறார் என்று பொன்ராசுவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் கூட்டு.

ஜூலை 5, சனி

நோட்டை யாரோ எடுத்திருக்கிறார்கள். நடுப்பக்கத்தில் நான் ஒரு சிவப்பு நூல் வைத்திருந்தேன். இன்று நூல் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அப்பாவா? நான் தொட்டிக்குப் பின்னால் பார்த்ததைப் படித்திருப்பாரா? படித்தும் ஒன்றுமே கேட்காமல் இருப்பது இன்னும் பயமாக இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒயர் அங்கேயேதான் இருக்கிறது.

படிப்பது யாராக இருந்தாலும், நான் யாரைப் பற்றியும் தப்பாக எழுதவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் இப்போது எனக்கு வேலையே இல்லை. குளியலறையில் பழைய டூத் பிரஷ்கள் இரண்டு இருக்கும், மை வாடையோடு. அம்மா அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எங்கே என்று கேட்டேன். “எந்த பிரஷ்ஷு?” என்றாள். என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

ஜூலை 7, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பு நிலைமின்சாரம் செய்கிறது. ஹெலன் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கம்பளியில் தேய்தேய் என்று தேய்த்து, என் தோழி ரஹ்மத்தின் கைமேல் கொண்டுபோனார்கள். அவள் கையிலிருந்த பூனைமுடி எல்லாம் எழுந்து நின்றது.

“ஐயோ டீச்சர், புல்லரிக்குது, பயமா இருக்கு!” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“பயத்துல எந்திரிக்கலடி. ஷீட்டுல இருக்க மின்சாரம் தூக்குது. ஷீட்டுல ஒண்ணும் இல்லைன்னா முடி பேசாமப் படுத்துருக்கும்” என்றார்கள் டீச்சர்.

நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற இட்லி சேரவில்லை என்று சொன்னேன்.

இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். ஐம்பதுக்குப் பதினேழு. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

தவசி அண்ணனின் மனைவி முத்துப்பேச்சி அக்கா வந்தார். மதுரையிலிருந்து நேராக வந்திருக்கிறார். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அக்கா உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

“அண்ணாச்சி, அவரு சுவிட்ச அமத்தலைங்காரு.”

“உள்ள வாத்தா. மொதல்ல தண்ணி குடி.”

“தண்ணி வேணாம். ஒதடு வெந்து கெடக்கு, பேச முடியல. ஆனாலும் சொல்லுதாரு. பச்ச எரிஞ்சுச்சு பேச்சி, எங்கண்ணால பாத்தேன், பச்ச எரிஞ்சுச்சுன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதாரு. கம்பெனியில இவருதான் அமத்துனாருன்னு எழுதிட்டா, பொழச்சு வந்தாலும் எந்த மெஷின் பக்கத்துல அண்ணாச்சி இவர விடுவாக? தீ வச்சவன்னு பேரு வாங்கிட்டு இந்த ஊர்ல எப்பிடி இருப்பாரு?”

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பக்கத்துலதான் நின்னீக. பச்ச எரிஞ்சுச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“எரிஞ்சுச்சு” என்றார் அப்பா.

“பெறகு எப்பிடித் தீ புடிக்கும்?”

அக்கா என்னைப் பார்த்தார். “அவரு ஒன்னயக் கேட்டாரு பாப்பா. கரண்டு டாக்டர் நல்லா இருக்காளான்னு கேட்டாரு. அது என்ன பேரு?”

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

தவசி அண்ணன் சொல்லவில்லை. என்னை அங்கே பார்த்தார். என்னோடு பேசினார். சிரித்தார். ஆனால் தன் மனைவியிடம்கூட நான் அங்கே இருந்ததைச் சொல்லவில்லை.

அக்கா போனபிறகு அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். திரைக்குப் பின்னால் நான் தட்டுக் கழுவுவதுபோல் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கேட்டேன்.

“நாளன்னிக்கு நாந்தான் ஒயரக் கழத்துனேன்னு எழுதிக் குடுத்துருதேன். மெஷின் நிக்குதேன்னு கழத்துனேன்னு சொல்லிருதேன்.”

“கேசாகுமே. உள்ள போட்டுருவாகளே!”

“போடட்டும். தவசி மேல போடுறதுக்கு எம்மேல போடட்டும். பிள்ள பேரு வரக்கூடாது. அவ்வளவுதான்.”

நான் குழாயை மூட மறந்துவிட்டேன். தண்ணீர் வழிந்து காலெல்லாம் நனைந்தது.

ஜூலை 10, வியாழன்

காலையில் அம்மா எனக்குத் தலைபின்னும்போது திடீரென்று சொன்னாள். “ஒம்மேல தப்பில்லடி. நீ பிள்ள.”

நான் அவளிடம் எதையும் சொன்னதே இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் தேதிப் பக்கத்து ஓரத்தில் மஞ்சள் விரல்கறை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வோர் எழுத்தாக விரல்வைத்துத்தான் படிப்பாள். எத்தனை நாள் உட்கார்ந்து படித்தாளோ!

பின்னலை முடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “பேச்சிக்கும் ஒரு பிள்ள இருக்கு.” ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதுகிறேன்.

நான் கேட்டு வாசலோடு திரும்பவில்லை. எந்தச் சனிக்கிழமையும் திரும்பியதில்லை. ஊசிக் கம்பிக்கும் அதன் மூடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பெரியவர்கள் விரல் நுழையாது. மூடியைக் கழற்றினால் அரைமணி நேரம் போய்விடும். ஒருநாள் நான் தூக்கு கொண்டுபோனபோது பொன்ராசு என் கையைப் பார்த்துவிட்டு, “குருசாமி, ஒம்ம மக கை நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குவேய்” என்றார். அப்பா வேண்டாம் என்றார். “ரெண்டு நிமிசம்தானே” என்றார் பொன்ராசு. அதிலிருந்து எட்டு மாதமாக நான்தான். சுவிட்சை அணைக்கவேண்டும். ஒயரைத் திருகிக் கழற்றவேண்டும். ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் ஒவ்வோர் ஊசியாகத் துலக்கவேண்டும். ஒயரை மாட்டவேண்டும். சுவிட்சைப் போடவேண்டும். பச்சை வரவேண்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தவசி அண்ணன் ‘கரண்டு டாக்டர்’ என்று பெயர் வைத்தார். முடித்ததும் அவர் கேன்டீனிலிருந்து ரோஸ்மில்க் வாங்கிவந்து தருவார்.

தீப்பிடித்த அன்று ஊசிகளைத் துலக்கி முடித்தேன். ஒயரைக் கையில் எடுக்கப் போகும்போது, “ஆபீசர் வண்டி! ஆபீசர் வண்டி!” என்று கேட்டுப் பக்கத்திலிருந்து கத்தினார்கள். சோதனைக்கு வருகிற ஆபீசர் வண்டி என்றால் பதினெட்டு ஆகாதவர்கள் எல்லோரும் பின்பக்க ஸ்டோருக்கு ஓடவேண்டும். சுருள்களுக்கு நடுவில் உட்காரவேண்டும். இருமக்கூடாது. இதுவும் எனக்குப் பழக்கம்தான். பொன்ராசு ஓடிவந்தார். “பாப்பா ஓடு, ஓடு! குருசாமி, மெஷின ஓட்டும், நின்னா சந்தேகப்படுவான்!”

நான் சுவிட்சைப் போட்டேன். பச்சை வந்தது. ஓடிவிட்டேன்.

ஒயரை மாட்டவில்லை.

ஒயர் மாட்டாவிட்டாலும் பச்சை எரியும் என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்குக் கரண்டு வந்தாலே அது எரியுமாம். ஊசியில் மை படிந்து கரண்டு கசிந்தால்தான் சிவப்பு வருமாம்; ஒயரே மாட்டாவிட்டால் அதற்குத் தெரியாதாம். அப்பாவுக்குத் தெரியும். அவர் எப்போதும் ஓடுகிற பிளாஸ்டிக் மேல் புறங்கையைக் காட்டிப் பார்ப்பார். முடி படுத்திருந்தால்தான் போவார். அன்று ஆபீசர் வண்டி என்றதும் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டியிருக்கிறார்.

வந்தது ஆபீசர் வண்டி இல்லை. மை டிரம் ஏற்றிவந்த வேன். நான் வெளியே வந்து காலித் தூக்கை எடுக்க மெஷின் பக்கத்தில் நின்றேன். பிளாஸ்டிக் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது. என் கை முடியெல்லாம் எழுந்து நின்றது. ஒளிந்திருந்த பயம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தவசி அண்ணன் மைத்தட்டில் மை ஊற்றியபடி, “டாக்டரம்மா, ரோஸ்மில்க் குடிக்காமப் போறீக!” என்று சிரித்தார். “அடுத்த வாரம் ரெண்டு” என்று சொன்னேன்.

வாழைப்பழக் கடையைத் தாண்டும்போது டப் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை.

தீ அணைந்தபிறகு அப்பா பெட்டியின் பின்னால் ஒயர் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். உடனே புரிந்திருக்கும். கையால் கழற்றியது தெரியக்கூடாது என்று முனையை வெட்டி மடியில் வைத்துக்கொண்டார். அவரைத்தான் நான் இத்தனை நாளாகச் சந்தேகப்பட்டேன். பொன்ராசுவோடு கூட்டு என்று எழுதினேன். அந்த வரியை அம்மாவும் விரல்வைத்துப் படித்திருப்பாள்.

இன்று பள்ளி விட்டதும் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒயரை எடுத்தேன். மேலே எழுதிய அத்தனையையும் வகுப்பிலேயே நான்கு தாளில் எழுதி வைத்திருந்தேன். பெயர், வகுப்பு, எட்டு மாதம், பொன்ராசு சொன்னது, எல்லாம். முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். அக்கா நின்றபடியே படித்தார். பிள்ளை தாளைப் பிடித்து இழுத்தது. படித்து முடித்ததும் ஒயரைக் கையில் வாங்கி, திருகு மூடியைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன்.

“இதுதானா?” என்றார். பிறகு, “அவருக்குத் தெரியுமா நீ மாட்டலைன்னு?” என்றார்.

“தெரியாதுக்கா. பச்ச எரிஞ்சதத்தான் பாத்தாரு.”

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகினார். “வீட்டுக்குப் போ பாப்பா. இருட்டுது” என்றார். தாளையும் ஒயரையும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

இப்போது மணி என்னவென்று தெரியவில்லை. அப்பா நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடியில் மாட்டிவிட்டுப் படுத்திருக்கிறார். பையில் பேனா செருகியிருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்காக. சாயங்காலம் தொட்டிப் பக்கம் போனார். வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் பக்கத்தைத் திருப்பி, யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சியிருந்த வரிகளை அடித்துவிட்டேன். பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது.

தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. பைக் இல்லை. கதவு இரண்டு தடவை சாத்துகிற சத்தம். முத்துப்பேச்சி அக்காவின் பிள்ளை சிணுங்குகிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கூட ஆம்பளைக் குரலும் கேட்கிறது. இன்ஸ்பெக்டரா, பொன்ராசுவா?

தட்டுகிறார்கள்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையைத் தேடுகிறார். “நாந்தான், நா வாரேன், இருங்க” என்கிறார். அவர் கதவைத் திறந்தால் அவர்தான் என்று சொல்லிவிடுவார். அதற்குள் நான்